திடலுக்குப் பூட்டு, திருவிழாவுக்கு விளக்கு

2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. செயற்கைப் புல் விரித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்புக்கு விடுவது, விளையாட வருகிறவர்களிடம் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலித்துக்கொள்ள அனுமதிப்பது என்பது அதன் சாரம். வடசென்னைத் திடல்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ‘குட்டி பிரேசில்’ என்று பத்திரிகைகள் பெருமையோடு எழுதும் வியாசர்பாடி இருக்கிற பக்கம் அது. எதிர்ப்பு கிளம்பியது. சில நாளிலேயே தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. கட்டணம் கிடையாது, மாநகராட்சியே பராமரிக்கும் என்று அறிவித்தார்கள்.

நல்ல முடிவு. ஆனாலும் அந்த 120 ரூபாயைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 60 நிமிடத்துக்குத்தான் நம் ஊரில் விலை வைத்தார்கள். மாதம் 25 நாள் விளையாடினால் 3,000 ரூபாய். அண்ணன் தம்பி இருவர் என்றால் 6,000. வடசென்னையில் ஒற்றை அறை வீட்டுக்கு வாடகை கொடுக்கும் தொகை அது. தீர்மானத்தைத் தயாரித்த மேசையில் யாருமே இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. போட்டுப் பார்த்தும் தயாரித்தார்கள் என்றால் கவலை இன்னும் அதிகம்.

தீர்மானம் போனது, அதை எழுத வைத்த எண்ணம் போகவில்லை. திடல் என்பது ஒன்று வருமானம் தர வேண்டிய சொத்து, இல்லையென்றால் தலைவலி. இந்த இரண்டுக்கும் நடுவில், ரேஷன் கடையைப்போல, தெருக் குழாயைப்போல மக்களுக்கு அன்றாடம் வேண்டிய ஒன்றாக அதை யாரும் பார்ப்பதில்லை. சென்னை தன் மக்களை விளையாடச் சொல்லுகிற விதத்தில் இருக்கிற கோளாறுக்கெல்லாம் மூலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் செயற்கைப் புல்லையே எடுத்துக்கொள்வோம். மண் திடலாக இருந்தவரை அங்கே ஒரு மூலையில் கிரிக்கெட், இன்னொரு மூலையில் கபடி, நடுவில் கால்பந்து, ஓரத்தில் பெரியவர்கள் துண்டை விரித்து உட்கார்ந்து பேசுவார்கள். யாருடைய பந்து யார் காலுக்கு வந்தாலும் உதைத்துத் திருப்பிவிடுவார்கள். பசங்க வெறுங்காலோடு வரலாம். அதே மண்ணில் செயற்கைப் புல் விரிக்கிறார்கள். லட்சக்கணக்கில் செலவாகிவிட்டதால் சுற்றிலும் கம்பிவலை வருகிறது. வலை வந்ததும் கேட், கேட் வந்ததும் பூட்டு, பூட்டு வந்ததும் சாவி வைத்திருக்கும் ஓர் ஆள். ஸ்டம்ப் அடிக்கக் கூடாது, வெறுங்காலோடு வரக் கூடாது, ஷூ வேண்டும். சென்னை வெயிலில் பகல் நேரத்தில் அந்தப் பச்சைத் தரையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஷூ இல்லாத பையனை விதி தடுக்காவிட்டாலும் தரையே தடுத்துவிடும். எட்டு, பத்து ஆண்டில் புல்லை மாற்றியாக வேண்டும். மாற்றப் பணம் எங்கே என்ற கேள்வி எழும்போது மறுபடியும் ஒரு கட்டணத் தீர்மானம் வராது என்று யார் உத்தரவாதம் தருவது?

செயற்கைப் புல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழையில் மண் திடல் குளமாகிவிடும். நல்ல வடிகாலோடு போட்ட செயற்கைப் புல்லில் மறுநாளே ஆடலாம் என்பது உண்மை. கால்பந்தைத் தொழிலாகப் பழக நினைக்கிற பையனுக்கு அது தேவையும்கூட. ஒரு வார்டில் ஒரே திடல்தான் இருக்கிறது என்றால் அந்த ஒன்றையும் ஒரே விளையாட்டுக்கென்று வேலி போட்டுவிடாதீர்கள் என்பதுதான் கோரிக்கை. இரண்டாவது திடல் கிடைத்த பிறகு புல் விரியுங்கள்.

பூட்டு விஷயம் செயற்கைப் புல்லோடு நிற்கவில்லை. சென்னை மாநகராட்சியிடம் 200க்கும் மேற்பட்ட விளையாட்டுத் திடல்களும் 700க்கும் மேற்பட்ட பூங்காக்களும் இருக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் வார்டுக்கு ஒன்றாவது வருகிறது. நேரில் போய்ப் பார்த்தால் ஒரு திடலில் மழைநீர் வடிகால் வேலைக்கு இறக்கிய சிமென்ட் குழாய்கள் அடுக்கிக் கிடக்கும்; வேலை முடிந்து ஆண்டாகியும் நகராது. இன்னொன்றில் போலீஸ் பறிமுதல் செய்த பைக்குகள் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். வேறொன்றில் ஒரு மூலையில் வார்டு அலுவலகம், மறுமூலையில் சுகாதார நிலையம், அப்புறம் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொன்றும் அவசியமானதுதான், எல்லாம் முடிந்தபின் மிச்சமிருக்கும் இடத்தில் இறகுப்பந்து வேண்டுமானால் ஆடலாம், அதுவும் ஒரு பக்கம் மட்டும் நின்று. நல்ல நிலையில் இருக்கிற திடலோ பூட்டிக் கிடக்கும். ஏனென்று கேட்டால் ராத்திரியில் குடிக்கிறார்கள், பாட்டில் உடைக்கிறார்கள் என்பார்கள். குடிப்பவன் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போய்விடுகிறான். பந்தோடு வந்த பிள்ளைகள்தான் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள்.

“அண்ணே, அரை மணி நேரம்ணே.”

“நான் விட்டா ஆச்சாப்பா? எதிர் வீட்டுக்காரர் ஜன்னல்ல பந்து பட்டுச்சுன்னு கம்ப்ளெயின்ட் போட்டா என் வேலை போயிடும். போய் ரோட்டுல ஆடுங்க.”

காவலாளியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்குக் கிடைத்திருக்கும் உத்தரவு திடலைக் காக்கச் சொல்கிறது. விளையாட விடச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இப்படித் திடல்கள் கிடக்க, நகரம் விளையாட்டுக்கென்று எதுவுமே செய்யவில்லையா என்றால் அப்படியும் சொல்ல முடியாது. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டுப் பெயின்ட் அடித்தோம். 2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஆடுகளத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி. இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 4–3 என்று இந்தியா வென்றபோது அரங்கமே எழுந்து நின்றது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள். அதே ஆண்டு ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலைகளை அடைத்து, ராத்திரியைப் பகலாக்கும் விளக்குகளோடு ஃபார்முலா 4 கார் பந்தயம். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி.

ஹாக்கியும் செஸ்ஸும் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. கார் பந்தயத்தை விளையாட்டு வளர்ச்சிக் கணக்கில் எழுதுவது மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதைப் பார்த்து எந்தப் பையன் மறுநாள் காலையில் எதை எடுத்துக்கொண்டு எங்கே பழகப் போவான்? ஆனால் இங்கே பேச்சு எந்தப் போட்டி நல்லது என்பதைப் பற்றியதல்ல. இவை எல்லாவற்றிலும் நகரத்து மக்களுக்குக் கொடுக்கப்பட்ட வேடம் ஒன்றுதான்: டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கைதட்டுவது. (சென்னையில் உட்கார்ந்திருந்தாலே வியர்க்கும் என்பது வேறு கதை.) விழா முடிந்து விளக்கை அணைத்த பிறகு, அந்த விழாவால் எந்த வார்டில் எத்தனை பேர் புதிதாக விளையாட வந்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு பதிவேடு வேண்டும். அப்படி ஒன்றை யாரும் நம் கண்ணில் காட்டியதில்லை.

நம் ஊர் உலகத்துக்கு எதில் வெற்றியாளர்களைக் கொடுக்கிறது என்று பார்த்தாலும் ஒன்று புரியும். 2024 டிசம்பரில் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனார். அதற்குச் சில வாரங்கள் முன்னால் வடசென்னை காசிமா கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். இரண்டுமே ஒரு பலகையும் அதைச் சுற்றி உட்கார இடமும் இருந்தால் ஆடக்கூடியவை. அவர்களின் திறமைக்கும் உழைப்புக்கும் தலை வணங்கிவிட்டுத்தான் சொல்கிறேன்: திடல் தேவைப்படாத விளையாட்டில் நாம் உச்சிக்குப் போவதில் நகரத்தின் கைங்கரியமும் கொஞ்சம் இருக்கிறது.

கண்ணகி நகரைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. 2000க்குப் பிறகு நகரின் கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்த குடிசைவாசிகளைப் பெயர்த்து பழைய மகாபலிபுரம் சாலையோரம் கொண்டுபோய் வைத்த இடம் அது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஆரம்பத்தில் கட்டியவற்றில் பலவும் 200 சதுர அடி அளவே. வீட்டுக்குள் ஐந்து பேர் நீட்டிப் படுக்க இடமில்லாத இடத்தில், பிள்ளைக்கு வெளியே கிடைக்கும் ஒரு துண்டு நிலம்தான் கூடம், மாடி எல்லாமே. அங்கிருந்து வந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவி. பாராட்டு, பரிசு, மாலை எல்லாம் முறையாக நடந்தன. கபடிக்குக் கேட்கும் இடம் என்ன தெரியுமா? பெண்கள் ஆடும் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். ஏழெட்டு கார் நிறுத்தும் இடம், அவ்வளவுதான். அந்த இடத்தையும் விளக்கையும் ஒரு பயிற்சியாளரையும் எல்லா மறுகுடியமர்வுப் பகுதிகளிலும், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் நிற்கும் பெரும்பாக்கத்திலும், ஒவ்வொரு நூறு வீட்டுத் தொகுப்புக்கும் கொடுப்பது முடியாத காரியமா? பதக்கம் வந்தபின் வீடு தேடிப்போய்ப் பூங்கொத்து கொடுக்கிற அதிகாரி, பதக்கம் வராத தெருவுக்கும் ஒரு முறை போகலாம்.

பதக்கப் பேச்சு இத்தோடு போதும். நகரத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பதக்கம் வேண்டாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால் போதும். லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024இல் வந்த ஆய்வு, 2022 நிலவரப்படி இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை என்றது. ஆண்களில் 42 சதவீதம். பெண்களில் 57 சதவீதம். நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் கணக்குச் சொன்னது. டாக்டர் சீட்டில் மாத்திரைக்குக் கீழே ‘தினம் அரை மணி நடை’ என்று எழுதிக்கொடுக்கிறார். எங்கே நடப்பது என்று அவர் எழுதுவதில்லை. அது அவர் துறையும் அல்ல.

அந்த 57க்கும் 42க்கும் இடையில் இருக்கிற பள்ளத்தைச் சென்னைப் பெண்களிடம் கேட்டால் விளக்குவார்கள். மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. உள்ளே பார்த்தால் பளு தூக்கும் இரும்பும் பனியன் போட்ட இளைஞர்களும். பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருந்தாலும் அது சமையல் நேரமாகவோ பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரமாகவோ இருக்கும். பூங்காவைக் காலை பத்து மணிக்குப் பூட்டி மாலை நாலு மணிக்குத் திறக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. வீட்டு வேலையெல்லாம் முடிந்து ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் மூச்சு விடக் கிடைப்பதே அந்தப் பத்து மணிக்கு மேல்தான். கழிப்பறை இருந்தாலும் பூட்டியிருக்கும். இருட்டின பிறகு விளக்கு எரியாத நடைபாதையில் போகத் தயக்கம். விளைவு, மொட்டை மாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே எட்டு போட்டு நடக்கிறார்கள். எட்டு நடையை யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டு, தங்களுக்கென்று நகரம் எதுவும் செய்யவில்லை என்ற புகார்கூட இல்லாமல் நடக்கிறார்கள். மாடிக்குக்கூடக் கொடுத்துவைக்காதவர்களும் உண்டு. வீட்டுச் சொந்தக்காரர் மாடிக் கதவுக்கும் பூட்டுப் போட்டிருப்பார்.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 2023 நவம்பர் 4ஆம் தேதி ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கிவைத்தார்கள். சென்னைக்கு பெசன்ட் நகரில். அழகான கடற்கரை, நிழலுள்ள தெருக்கள். கொடுங்கையூரில் இருக்கிற ஒரு பாட்டி அங்கே நடக்க வேண்டுமானால் இரண்டு பஸ் மாற வேண்டும். அண்ணா நகரில் ஞாயிறு காலை தெருவை அடைத்து ‘ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ்’ நடத்தினார்கள். சிலம்பம், ஜூம்பா, சைக்கிள், ஒரே கூட்டம். மக்கள் வெளியே வரத் தயாராக இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் இதையே 1974 முதல் செய்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் விடுமுறை நாளும் காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை, 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகள் வண்டிகளுக்கு மூடப்படும். பணக்காரப் பேட்டை, ஏழைப் பேட்டை என்ற பேதமில்லாமல் ஊரை ஊடறுத்துப் போகும் சாலைகள் அவை. நம்மூரில் அது எப்போதாவது வரும் விருந்தாளி. எந்தப் பேட்டைக்கு வரும் என்பதும் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இத்தனைக்கும் நடப்பவருக்காக நாட்டிலேயே முதலில் கொள்கை வகுத்த நகரம் சென்னைதான். 2014இல் மாநகராட்சி ஏற்றுக்கொண்ட மோட்டார் வாகனம் சாராப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்றது. 2018க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை இருக்கும் என்று இலக்கு வைத்தது. 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அந்தக் கொள்கையின் கண்காட்சிப் பொருள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து நாலு தெரு தள்ளி நடந்து பாருங்கள். நடைபாதை தொடங்கும், டிரான்ஸ்ஃபார்மர் வரும். இறங்கி ஏறினால் மின்வாரியப் பெட்டி. அப்புறம் ஒரு வீட்டுக்காரர் தன் கார் ஏறுவதற்காகப் போட்ட சரிவு, டீக்கடை அடுப்பு, வரிசையாகப் பைக்குகள், மூடி பெயர்ந்த வடிகால். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும். உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முட்டி வலியுள்ள ஒருவர் ஏற முடியாத உயரத்தில் கட்டிவிட்டு, யாரும் நடைபாதையைப் பயன்படுத்துவதில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். அதே 2019இல் வாடகை சைக்கிள் நிலையங்களும் வந்தன. கொஞ்ச நாளில் சைக்கிள்கள் போய் நிலையங்கள் மட்டும் நின்றன.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தபின் எத்தனையோ பேர் தினமும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போய் வருகிறார்கள். போக வர அரை மணி நடை. டாக்டர் சீட்டில் எழுதிய அதே அரை மணி. ஜூம்பாவும் வேண்டாம், டிராக் சூட்டும் வேண்டாம். வீட்டிலிருந்து நிறுத்தம் வரை ஒரு ஒழுங்கான நடைபாதை போட்டால், விளையாட்டுத் துறை செலவில்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய உடற்பயிற்சித் திட்டம் அதுதான். ஆனால் அது சாலைத் துறையின் வேலை. சாலைத் துறைக்கு அது உடல்நலம் என்று தெரியாது. சுகாதாரத் துறைக்குத் தெரியும், அதனிடம் சிமென்ட் இல்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? புதிதாக நிலம் வாங்குவதற்கு முன்னால் இருக்கிற நிலத்தைக் கண்ணில் காட்டச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு பூங்காவையும் திடலையும் பட்டியலிட்டு வரைபடத்தோடு வைத்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்தப் பட்டியல் இன்று வார்டு வாரியாக, சர்வே எண்ணோடு, பரப்பளவோடு, திறக்கும் மூடும் நேரத்தோடு ஒவ்வொரு வார்டு அலுவலகத்தின் சுவரிலும் இருக்க வேண்டும். எதில் குழாய் கிடக்கிறது, எதில் பைக் கிடக்கிறது என்பதும் எழுதியிருந்தால் நல்லது.

அந்தப் பட்டியலில் சேர வேண்டிய இன்னொரு வகை நிலம் இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவோ அடுக்குமாடியோ கட்டுகிறவர் 10 சதவீத நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் இத்தனை கோபுரங்கள் முளைத்திருக்கின்றன. அத்தனைக்கும் பத்தில் ஒரு பங்கு எங்கே? பத்திரம் மாநகராட்சி பெயரில் இருக்கும், நிலம் குடியிருப்பின் மதிலுக்கு உள்ளே இருக்கும், வாசலில் செக்யூரிட்டி நிற்பார். விற்பனைக் கையேட்டில் அது ‘குடியிருப்போருக்கான பிரத்தியேகப் பூங்கா’. பக்கத்துக் கிராமத்துப் பையன், ஒரு காலத்தில் அவன் அப்பா மாடு மேய்த்த அந்த நிலத்தைக் கம்பிக்கு வெளியே நின்று பார்க்கிறான். இங்கே மாநகராட்சி செய்ய வேண்டியது சிறிய வேலைதான்: பொதுச்சாலையிலிருந்து ஒரு வாசல் திறந்து, ‘இது பொது இடம்’ என்று ஒரு பலகை நடுவது. குடியிருப்போர் சங்கங்கள் கோபிக்கும். கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது பள்ளிகள். மாநகராட்சிப் பள்ளிகள் மட்டுமே நானூறுக்கும் மேல். சாயங்காலம் நாலரைக்கு மணி அடித்துப் பூட்டினால் மறுநாள் காலை வரை அந்த மைதானங்கள் காக்கைகளுக்குத்தான். சிங்கப்பூரில் பள்ளி மைதானங்களையும் உள்ளரங்குகளையும் பள்ளி நேரத்துக்குப் பின் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிட ஒரு திட்டமே வைத்திருக்கிறார்கள். வகுப்பறைப் பக்கம் போக முடியாதபடி ஒரு தடுப்பு, மைதானத்துக்குத் தனி வாசல். அங்கேயும் பாதுகாப்பு பற்றிய கவலை இருந்திருக்கும்; வேலி கட்டித் தீர்த்தார்கள். நாம் பூட்டுப் போட்டுத் தீர்க்கிறோம். பள்ளி நேரத்துக்குள்ளேயே பிள்ளைகள் விளையாடுகிறார்களா என்பது தனிச் சோகம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவது தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களின் பரம்பரைப் பழக்கம். அதை நிறுத்தச் சொல்லி விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே 2023இல் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டார். அமைச்சர் கேட்டும் திருப்பித் தராத கடன் அது.

திறந்தால் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி, இதற்குப் பதில் சொல்லாமல் பூட்டை மட்டும் திட்டுவதில் பொருள் இல்லை. 2013இல் அம்மா உணவகம் தொடங்கியபோது அதை நடத்த மகளிர் சுயஉதவிக் குழுக்களைத்தான் மாநகராட்சி தேடிப்போனது. அடுப்பையும் அரிசியையும் நம்பி ஒப்படைத்தவர்கள் ஒரு திடலின் சாவியை ஒப்படைக்கத் தயங்க வேண்டியதில்லை. திடலுக்கு இரண்டு ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு ஒருவர், மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், 200 திடலுக்கு ஆண்டுக்கு 7 கோடியே 20 லட்சம். நான்காயிரம் கோடிக்கு மேல் வரவு செலவு போடுகிற மாநகராட்சிக்கு இது ஒரு பெரிய தொகையா? தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றும் 3 கோடி என்று அறிவித்தார்களே, அப்படிப்பட்ட அரங்கம் ஏறத்தாழ இரண்டரை கட்டும் காசு. பொறுப்பில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிற திடலுக்குப் பெண்பிள்ளைகளும் வருவார்கள், கழிப்பறையும் திறந்திருக்கும். அதே ஏரியாவில் மாநில அளவில் ஆடிவிட்டு இன்று உணவு டெலிவரி செய்துகொண்டிருக்கிற அண்ணன்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்குச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுக்கச் சம்பளம் போட்டால், பசங்களுக்கு விசில் அடித்துச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் கிடைத்துவிடும். அந்த அண்ணன்கள் இன்றைக்குச் சம்பளமில்லாமலே அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது நகரத்துக்குத் தெரிய வேண்டும்.

விளக்கு வேண்டும். சென்னையில் வருடத்தில் பாதி நாள் வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆட முடியும். ஏழு மணிக்கு இருட்டில் நிற்கிற திடல் பாதித் திடல்தான்.

மாநகராட்சியின் புகார் எண் 1913க்கு இதையெல்லாம் சொல்லலாம். அங்கே தெருவிளக்கு, குப்பை, கொசு ஆகியவற்றுக்கு உள்ள வேகம் பூட்டிய திடலுக்குக் கிடைப்பதில்லை என்பது அனுபவம். அதைவிடப் பகுதி சபாக் கூட்டம் பயன்படும். எல்லா வார்டுகளுக்கும் வார்டு குழுவும் பகுதி சபாவும் உண்டு. வருகிற நாம் பெரும்பாலும் குப்பையும் கழிவுநீரும் பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம். அடுத்த கூட்டத்துக்குத் திடலில் ஆடுகிற பசங்களையும் மாடியில் எட்டு போடுகிற அக்காக்களையும் அழைத்துப் போங்கள். நம் வார்டில் உள்ள திடல்களின் சர்வே எண் என்ன, சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும், ஓ.எஸ்.ஆர். நிலம் எங்கே, பள்ளி மைதானத்தை எப்போது திறப்பீர்கள் என்று கேளுங்கள். வாய்மொழியாகப் பதில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலர் எல்லோருக்கும் தெரிந்தவர்தான், மறுநாளே திடல் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போவார். அதிகாரி மூன்று மாதத்தில் மாறிப் போயிருப்பார். புதிதாக வருகிறவரிடம் அதே படத்தைக் காட்டி, எந்தத் தேதிக்குள் பூட்டைக் கழற்றப்போகிறீர்கள் என்று கேட்கலாம்.